புகையானுக்கு மூன்றாவது மருந்து அடிக்கும் முன்

கேள்வி: தஞ்சாவூர் பக்கம், சம்பா நெல், சிஆர் 1009 ரகம், நட்டு 50 நாள். இலைச்சுருட்டுப் புழுவுக்கு சைபர்மெத்ரின் இரண்டு தடவை அடித்தேன், கடைசியாக அடித்தது போன வாரம். இப்போது பயிரின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி மொய்க்கிறது, வாய்க்காலில் கெளுத்தியும் குரவையும் செத்து மிதக்கிறது. கடையில் வேறு மருந்து தருகிறார்கள். இயற்கை மருந்து ஏதும் உண்டா சார்?

பதில்: வணக்கம் அண்ணே. அந்த மருந்தை இன்றைக்கு வாங்க வேண்டாம். புகையான் பெருகியதற்கு நீங்கள் அடித்த இரண்டு மருந்தும் ஒரு காரணம். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையறாவை நெல்லில் அடித்தால் இலைச்சுருட்டு அப்போதைக்கு அடங்கும், ஆனால் தூரில் புகையானைத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையைக் குத்திக் குடிக்கிற பச்சை உடம்பு கறுப்புத் தலை மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்துவிடும். புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைப்பதால் மருந்து அங்கே எட்டாது, பத்து நாளைக்குள் குஞ்சு வெளியே வரும், தின்ன ஆள் இருக்காது. இந்தோனேசியாவில் இதே கதை நாடு முழுக்க நடந்து, 1986இல் அதிபர் சுகார்தோ நெல்லில் 57 மருந்துகளை ஒரே உத்தரவில் தடை செய்தார்.

மீனுக்கும் இந்த வகை மருந்து கொடிய நஞ்சு, தண்ணீரில் கொஞ்சம் கலந்தாலே போதும். டேங்கை வாய்க்காலில் கழுவினீர்களா?

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாளைக் காலையில் வயலில் குறுக்கே நடந்து, அங்கங்கே இருபது குத்தை (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்தை) அடியோடு தட்டி, தண்ணீரில் விழுகிற புகையானை எண்ணுங்கள். சிலந்தியையும் பாருங்கள், பின்பக்கம் வெள்ளை முட்டைப் பையை இழுத்துக்கொண்டு தண்ணீர் மேலேயே ஓடும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் ஒரு தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, இரண்டு புகையான் வரை பொறுக்கலாம், சிலந்தியே இல்லை என்றால் ஒன்றுதான் எல்லை. அதாவது 15 தூர் கட்டிய குத்தில் சிலந்தியோடு 30, இல்லாமல் 15.

எப்படியும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆனால் வரப்பை வெட்டி வாய்க்காலில் விடாதீர்கள், போன வாரத்து மருந்து இன்னும் அதில் இருக்கலாம். மடையை அடைத்துவிட்டு வயலிலேயே சுண்ட விடுங்கள். யூரியா மேலுரம் பாக்கி இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள், கரும்பச்சையாகக் கொழுத்த பயிரைத்தான் புகையான் தேடி வரும். எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடைபாதை இடைவெளி) விடாமல் நட்டிருந்தால், பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கியாவது தூரில் வெயிலும் காற்றும் படச் செய்யுங்கள்.

அடிப்பதென்றால் வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் 5 சதம். ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு, மூன்று மாதத்துக்குக் குறையாமல் எட்டு மாதத்துக்கு மேல் போகாத சரக்கு. இடித்து இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றைக்கே, வெயில் தாழ்ந்த பிறகு, தூரில் படும்படி அடியுங்கள். மறுநாளே பூச்சி கொத்தாக விழும் என்று எதிர்பார்க்காதீர்கள், குஞ்சு தின்பதையும் தோலுரிப்பதையும் கெடுத்து மெதுவாகத்தான் வேலை செய்யும். பெரிய பூச்சி மொய்த்து, வட்டம் வட்டமாகப் பயிர் தீய ஆரம்பித்துவிட்டால் இது போதாது, அப்போது பைமெட்ரோசின் போல புகையானுக்கென்றே உள்ள மருந்தை, லேபிளில் போட்ட அளவில், அந்த வட்டத்திலும் அதைச் சுற்றியும் மட்டும் அடியுங்கள். புகையிலைக் கரைசலும் இயற்கைதானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நிகோடின் அடிக்கிற ஆளையே சாய்க்கும்.

இலைச்சுருட்டுக்கு உங்கள் முதல் மருந்தே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். நட்ட முதல் 40 நாளில் இலை கொஞ்சம் வெளுத்தாலும் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். பத்து சதம் இலைக்கு மேல் போனால்தான் யோசிக்க வேண்டும், பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிருக்கு அடுத்த கடைசி இலையில்) ஐந்து சதம். அடுத்த போகத்தில் நட்ட 37, 44, 51ஆம் நாளில் இலைச்சுருட்டின் முட்டையை அழிக்கும் சின்னக் குளவியான டிரைக்கோகிரம்மா கைலோனிஸின் முட்டை அட்டை, தடவைக்கு ஏக்கருக்கு 2 சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு) கட்டுங்கள். இந்த வயலில் இப்போது கட்ட வேண்டாம், அடித்த மருந்தின் மிச்சத்தில் குளவி பிழைக்காது, காசு வீண்.

குத்துக்கு எத்தனை விழுந்தது, சிலந்தி இருந்ததா என்று எண்ணியதும் எழுதுங்கள்.