கவசத்தின் மூட்டும் தவளையின் கோடும்

கேள்வி: அறிவியல் புனைகதை ஒன்றைச் சித்திரக்கதையாக வரைகிறேன். நாயகி, மோட்டாரில் இயங்கும் முழுக்கவசத்தோடு காட்டில் பதுங்குகிறாள். கவசத்தின் மூட்டுகளை எப்படி அமைப்பது? உருமறைப்பு வண்ணம் எப்படித் தீட்டுவது?

பதில்: முதலில் மூட்டுகளை முடித்துவிடுங்கள். வண்ணம் அவற்றின் மேல்தான் ஓட வேண்டும்.

முழங்கை, முழங்காலுக்குப் பழைய வழியே போதும். 1520-ல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்காகச் செய்த கவசம் ஒன்று லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முழங்காலின் பின்மடிப்புகூடத் திறந்திருக்காது. இறால் ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரியும் குறுகிய தகடுகள். அதன் படங்களைப் பார்த்து வரைந்து பழகுங்கள்.

தோள்தான் கஷ்டம். கையை உயர்த்தினால் தோள்பட்டையும் கூடவே ஏறும். மூட்டின் மையமே இடம் மாறும். அங்கே ஒரே ஒரு பந்துமூட்டை வைத்தால் கவசம் ஒரு பக்கம் இழுக்கும், உள்ளே தோல் உரியும். நாசாவின் ஏம்ஸ் மையம் 1980களில் உருவாக்கிய ஏஎக்ஸ்-5 விண்வெளி உடையில் துணி மடிப்பே கிடையாது. கெட்டியான துண்டுகள், இடையில் சுழலும் பேரிங்குகள், அவ்வளவுதான். சுழன்றால் எப்படி மடங்கும்? ஓர் அட்டைக் குழாயை 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள். ஒரு பாதியை அரைச்சுற்று திருப்பிப் பொருத்துங்கள். நேராக இருந்த குழாய் செங்கோணத்தில் நிற்கும். இப்படிப்பட்ட துண்டுகளை மூன்று நான்காக அடுக்கினால் தோள் எந்தப் பக்கமும் போகும். மடங்கினாலும் உள்ளே கன அளவு மாறாது, அதனால் உள்ளே அடைத்த காற்று எதிர்த்துத் தள்ளாது என்பது இன்னொரு லாபம். 1965-ல் சோவியத் விண்வெளி வீரர் லியோனவ் விண்ணில் நடந்தபோது அவருடைய துணி உடை உப்பி விறைத்துக்கொண்டது. காற்றைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டுத்தான் கலத்துக்குள் நுழைய முடிந்தது. உங்கள் நாயகி தண்ணீருக்கடியிலோ விண்ணிலோ போவதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்.

சரி, வண்ணம். தகடு தகடாகப் பச்சைத் திட்டு வைத்தால் ஒவ்வொரு திட்டும் தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். மூட்டு பளிச்சென்று தெரியும். விலங்கியலாளர் ஹியூ காட் 1940-ல் வெளியிட்ட நூலில் இதற்கு அழகான விடை இருக்கிறது: தவளை. அதன் தொடை, கெண்டைக்கால், பாதம் மூன்றிலும் தனித்தனிப் பட்டைகள். காலை மடக்கி உட்கார்ந்ததும் மூன்றும் சேர்ந்து ஒரே கோடாகிவிடும். கால் எங்கே மடங்குகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது.

அப்படியே செய்யுங்கள். முதலில் அவளைப் பதுங்கிய நிலையில் வரையுங்கள். தொடையில் தொடங்கும் பட்டை கெண்டைக்கால் தாண்டி, முழங்கால்மேல் கிடக்கும் முன்கைவரை நிற்காமல் ஓடட்டும். மூட்டு இடுக்குகளில் விழும் கரிய நிழலை மறைக்கக் கொஞ்சம் சாக்கு நார் தொங்கவிடுங்கள். ஆனால் மோட்டார் சூட்டுக்கு வழிவிட்டுத் தொங்கவிடுங்கள். வெப்பக் கேமராவில் முதலில் ஒளிர்வது மூட்டுதான்.

அப்புறம் அவளை எழுப்பி நிறுத்தி வரையுங்கள். அதே பட்டைகள் துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். எதிரி அவளைப் பார்ப்பது அந்தக் கட்டத்தில் இருக்கட்டும்.