எந்தப் புதுமை செய்வது? ஊடுபால் பிள்ளைகள் பற்றிச் செட்டிநாட்டுக் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், டாக்டர் இல்லை. ஆண் என்றோ பெண் என்றோ பார்த்தவுடன் சொல்லிவிட முடியாத உடலமைப்போடோ, குரோமோசோமோடோ, ஹார்மோனோடோ பிறப்பவர்களைத்தான் ஊடுபாலினர் என்கிறோம், இன்டர்செக்ஸ் என்றாலும் இதேதான். சிலருக்குப் பிறந்தவுடன் தெரியும், சிலருக்குப் பதினைந்து வயதில், சிலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை என்று டாக்டரிடம் போகும்போது. தலைப்பில் உள்ள புதுமை என்பது நகரத்தார் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கு, பையனுக்குக் கார்த்திகை, பெண்ணுக்குத் திருவாதிரை. எனக்கு வந்த கேள்விகளில் ஆளை அடையாளம் காட்டும் விஷயங்களை எடுத்துவிட்டேன்.

கல்லூரி மாணவர், காரைக்குடி: ஆச்சி, அக்டோபர் 26 இன்டர்செக்ஸ் விழிப்புணர்வு நாளுக்குக் கூட்டம் போடுகிறோம். மேடையில் பேச நம்ம பக்கத்து ஆள் ஒருவர் கிடைப்பாரா?

முதலில் அந்தத் தேடலை நிறுத்துங்கள் தம்பி. நம்ம ஊரில் எந்த ஊர், எந்த வீடு, யார் பிள்ளை என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், ஒருவரின் பரம்பரையே வெளியே வந்துவிடும், அந்த ஆள் அன்று ராத்திரி எங்கே போய்ப் படுப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. வெளிப்படையாகப் பேசுகிற செயற்பாட்டாளர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள், பயணச் செலவும் பேச்சுக்கு உரிய பணமும் கொடுங்கள், "உங்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது" என்று எவனாவது கேட்டால் மைக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்று. 1996-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தை மருத்துவர்கள் மாநாட்டுக்கு வெளியே நின்று ஊடுபாலினர் போராடிய நாள்தான் இந்த அக்டோபர் 26. அவர்கள் போய் நின்ற இடத்தைப் பாருங்கள், டாக்டர்களின் வாசல். உங்கள் கூட்டத்துக்கும் நர்சிங் மாணவிகள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பிரசவ வார்டில் இருப்பவர்கள் இருபது பேர் வந்தால் எனக்குப் போதும், ஆடிட்டோரியம் நிறைய வேண்டாம். அவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "பிள்ளை நல்லா இருக்கு, ஆணா பொண்ணான்னு சொல்லச் சில டெஸ்ட் எடுக்கணும், கொஞ்சம் பொறுங்க." கற்கண்டு டப்பாவை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிற அப்பத்தாவிடம் இதை முகம் சுளிக்காமல் சொல்லத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தால் அந்தக் குடும்பம் பாதி தப்பித்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு "பெரிய டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாலோ, அந்த முகத்தை அவர்கள் இருபது வருஷம் மறக்க மாட்டார்கள்.

தாய்மாமன், தேவகோட்டை: தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள் ஆகிறது. ஆணா பெண்ணா தெரியவில்லை, சீக்கிரம் ஆபரேஷன் செய்து பெண்ணாக்கிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ஆபரேஷனை விடுங்கள், பிள்ளை பால் குடிக்கிறதா? வாந்தி இருக்கிறதா, எடை இறங்குகிறதா, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், இப்போதே சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கிளம்புங்கள். சிஏஎச் என்று ஒரு நிலை உண்டு, சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவு. அதில் ஒரு வகையில் உடம்பு உப்பைப் பிடித்து வைக்க முடியாமல் போய், முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் பிள்ளை இறந்தே போகலாம். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், 17-ஓஎச்பி என்கிற ஹார்மோன் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதுதான் அவசரம், இதற்கு மருந்து இருக்கிறது, கத்தி தேவையில்லை.

இப்போது ஆபரேஷன். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்த வழக்கு அது, அதிலேயே ஊடுபால் குழந்தைகளுக்கு இந்த மாதிரி அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும், பெற்றோரின் சம்மதத்தைப் பிள்ளையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை போட்டுத் தடை விதித்தது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த ஆபத்தையும் ஆபரேஷன் செய்கிற டாக்டர் தனியாக முடிவு செய்ய முடியாது, குழந்தை அறுவை நிபுணர், ஹார்மோன் நிபுணர், சமூகப் பணியாளர், அரசுப் பிரதிநிதி எல்லாம் இருக்கும் குழு பார்க்க வேண்டும்.

அதனால் டாக்டரிடம் சண்டை வேண்டாம். "என்ன நோய், இப்போ செய்யலைன்னா உயிருக்கு என்ன ஆபத்து, எழுதிக் குடுங்க" என்று மட்டும் கேளுங்கள். சிறுநீர் போகிற வழி அடைத்திருந்தால் எழுதிக் கொடுப்பார், அதைச் செய்ய வேண்டியதுதான். "பின்னாடி கல்யாணத்துக்குக் கஷ்டம்" என்பது பதிலாக வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, உணர்ச்சி போனால் போனதுதான், பெண் என்று வெட்டிவிட்ட பிள்ளை பதினாலு வயதில் நான் பையன் என்று சொன்னால் யார் பதில் சொல்வது? அப்புறம், டெஸ்டுக்குப் போகிற இடத்தில் மாணவர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்து துணியை விலக்கிக் காட்டினால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தங்கச்சிக்கு அந்த நேரத்தில் வாய் வராது, நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு அப்பத்தா (பேரன் எழுதி அனுப்பியது): டெஸ்ட் முடிவு வர மாசமாகும் என்கிறார்கள். பேர் எப்படி வைப்பது? கார்த்திகைப் புதுமையா திருவாதிரைப் புதுமையா என்று பங்காளி வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

ஆச்சி, புதுமைக்கு யார் தேதி குறித்தது? வசதி பார்த்து, வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா வருகிற வருஷம் பார்த்து, நாலு பிள்ளைகளுக்குச் சேர்த்துச் செய்வதெல்லாம் நம்ம வீடுகளில் நடக்கிறதுதானே. "பிள்ளைக்கு உடம்பு தேறட்டும்" என்றால் போதும், அதற்கு மேல் பங்காளிக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பெயரைப் பிறகு சேர்க்கலாம், 12 மாதம் வரை கட்டணமே கிடையாது. கூப்பிட ஒரு பெயர் வேண்டும் என்றால் அருள், மணி என்று இரண்டு பக்கமும் பொருந்துகிற பெயர் நமக்குப் பஞ்சமா? டெஸ்ட் வந்த பிறகு ஆணாகவோ பெண்ணாகவோ வளர்க்கலாம், அதற்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லை. வளர்ந்து பிள்ளை வேறு மாதிரி சொன்னால் அன்றைக்கும் நீங்கள்தான் மடியில் வைத்துக் கேட்க வேண்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: இவர்களும் திருநங்கைகளும் ஒன்றுதானே?

இல்லை. ஊடுபால் என்பது பிறந்த உடம்பைப் பற்றியது, திருநர் என்பது ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதைப் பற்றியது. சிலர் இரண்டாகவும் இருப்பார்கள், ஊடுபாலினரில் நிறையப் பேர் சாதாரணமாக ஆணாகவோ பெண்ணாகவோ வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். 2019 திருநர் சட்டம் வரையறையிலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டதால் ஆபீஸ்களில் இந்தக் குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது.

பெரியவர், கண்டனூர்: எனக்குத் தெரிந்து நம்ம பக்கம் இப்படி யாரும் இல்லை. வெளிநாட்டுச் சமாச்சாரத்தை ஏன் இழுத்து வருகிறீர்கள்?

அண்ணே, ஐ.நா. சொல்கிற கணக்கு 0.05 சதவீதம் முதல் 1.7 சதவீதம் வரை, எதை எதைச் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அவ்வளவு வித்தியாசம். குறைந்த கணக்கையே எடுங்கள். 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்ட மக்கள்தொகை 13 லட்சத்துக்கு மேல், அப்படியென்றால் அறுநூறு பேருக்குக் குறையாது. இவர்கள் எங்கே? வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசுகிற நமக்குத் தெரியாமல் உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் வைத்து வளர்க்கப்பட்டிருப்பார்கள், பர்மா மலேயா என்று கொண்டுவிற்கப் போன இடத்திலேயே தங்கியிருப்பார்கள், "அவனுக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை" என்று நாமே சொல்லி முடித்திருப்போம். கல்யாணம் ஆனால்தான் புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம், என்கிற ஏற்பாட்டில் கல்யாணம் ஆகாதவர்கள் எல்லோருமே ஓரமாகத்தான் நிற்கிறார்கள், அது வேறு சண்டை, இன்னொரு நாள் போடலாம்.

இன்னொருவர்: சொந்தத்தில் கட்டுவதால்தான் இப்படிப் பிறக்கிறதா?

சில வகைகளில் வாய்ப்புக் கூடும். சிஏஎச் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வர வேண்டும், இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே குலக் கோயிலைச் சேர்ந்த பங்காளிகளுக்குள் கட்டுவதில்லை என்று நகரத்தார் நாம் கறாராக இருக்கிறோம், ஆனால் மாமன் மகளும் அத்தை மகனும் வேறு வேறு கோயிலாக இருந்தாலும் ரத்தம் ஒன்றுதானே. ஆண்ட்ரோஜன் உணர்வின்மை (ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்காத நிலை) மாதிரி வகைகளுக்குச் சொந்தக் கல்யாணம் காரணமே இல்லை, அது தாய் வழியாக வரும், சில சமயம் புதிதாகவும் வரும். தாய் வழி என்றவுடன் மருமகளைத் திட்டக் கிளம்பாதீர்கள்.

அம்மா ஒருவர், திருப்பத்தூர்: மகளுக்குப் பதினாறு வயது, இன்னும் பெரியவளாகவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை இல்லை, வயிற்றுக்குள் வேறு ஏதோ சுரப்பி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

தாயி, பதினைந்து தாண்டியும் வரவில்லை என்றால் காட்டியது சரிதான். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அந்த நிலைக்குப் பெயர் என்ன என்று தெரிய வேண்டும், அதற்கு ஹார்மோன் டெஸ்டும் குரோமோசோம் டெஸ்டும் முடிந்திருக்க வேண்டும். முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்றால் உள்ளே இருப்பது விரைச் சுரப்பி, இள வயதில் அதில் புற்றுநோய் வரும் ஆபத்துக் குறைவு, அதில் சுரப்பதுதான் அவளுடைய எலும்பையும் வளர்ச்சியையும் காக்கிறது, எடுத்துவிட்டால் பல வருஷம் மாத்திரை. வேறு சில நிலைகளில், உதாரணமாக அந்தச் சுரப்பி சரியாக உருவாகாத ஸ்வயர் என்றால், ஆபத்து அதிகம், எடுக்கத்தான் வேண்டும். அதனால்தான் பெயர் முக்கியம் என்கிறேன்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் முப்பது வயதில் பழைய ஃபைலைப் படித்துவிட்டு அம்மாவிடம் பேச்சை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். சடங்கு எப்போது என்று அயித்தைமார் கேட்பார்கள், கேட்கட்டும்.

உடற்கல்வி ஆசிரியர்: நன்றாக ஓடுகிற ஒரு மாணவியை மற்றவர்கள் "ஆம்பளை" என்கிறார்கள். பரிசோதனைக்கு அனுப்பலாமா?

வேண்டவே வேண்டாம் சார். பக்கத்திலே புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறிகொடுத்தது நமக்குத் தெரியும், உலகமே பார்க்க நடந்தது. சர்வதேசப் பெண்கள் தடகளத்துக்கு 2025 செப்டம்பரிலிருந்து மரபணுச் சோதனை வந்திருக்கிறது, அது அந்த மட்டத்து விவகாரம். பள்ளிக்கூட ஆசிரியருக்கு அதில் வேலையே இல்லை. அவளைச் சீண்டுகிறவர்களைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள், அவளுக்கு உடை மாற்றக் கதவு பூட்டுகிற ஒரு அறை கொடுங்கள்.

சுயஉதவிக் குழுத் தலைவி, கானாடுகாத்தான் பக்கம்: கிராம சபையில் தீர்மானம் போடலாமா? என்னவென்று போடுவது?

போடலாம், ஆனால் "ஊடுபாலினரை மதிப்போம்" என்று போட்டால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஆபீசர் பதில் சொல்லியே ஆக வேண்டிய மாதிரி கேளுங்கள். 2019 அரசாணை நம்ம மாவட்ட மருத்துவமனைகளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா, தனியார் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்ததா? உயிருக்கு ஆபத்தா என்று பார்க்கிற அந்தக் குழுவிடம் நம்ம மாவட்டத்திலிருந்து எத்தனை கேஸ் போனது? பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சிஏஎச் பார்க்கிற வசதி எங்கே இருக்கிறது? குடும்பத்தோடு பேச ஆற்றுப்படுத்துநர் யார்? ஆள் பெயரோ வீட்டுப் பெயரோ தீர்மானத்தில் வரவே கூடாது, "நம்ம ஊரில் இப்படி ஒரு பிள்ளை" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மேலே நடப்பதும் தெரிந்திருக்கட்டும். நாடு முழுக்க இந்த அறுவை சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தக் கேட்ட மனுவில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் ஊடுபாலினர் உரிமைக்காக முதல் தீர்மானம் நிறைவேறியது, 24 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 23 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. கொள்கை எழுதும் மேசையில் ஊடுபாலினரே உட்கார வேண்டும், நாம் அவர்களுக்காகப் பேசப் போகிறோம் என்று போய் நாற்காலியைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம வேலை பிரசவ வார்டு, பள்ளிக்கூடம், வீட்டு வளவு.

வேறொருவர்: சின்ன வயதில் எனக்கு ஏதோ ஆபரேஷன் நடந்திருக்கிறது, வீட்டில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மருத்துவமனைக்கு எழுத்தில் கேளுங்கள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில் இருப்பதால் பழையது கிடைக்காமல் போகலாம், அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் முயலுங்கள். கிடைக்காவிட்டாலும் ஒரு ஹார்மோன் நிபுணர் இன்றைய உடம்பைப் பார்த்து நிறையச் சொல்ல முடியும். ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சிஏஎச் பிள்ளையின் அப்பா: மாத்திரை சில சமயம் கிடைப்பதில்லை.

உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிற ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை சின்ன ஊர்க் கடைகளில் எப்போதும் இருப்பு இருக்காது. ஒரு மாத மருந்து கையில் இருக்கும்போதே அடுத்ததைக் கடையில் சொல்லி வையுங்கள், தீர்ந்த பிறகு அலையாதீர்கள். காய்ச்சல், அடிபடுதல் என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி ஒரு பிரதியை வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான், காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருந்து கிடைக்காத தேதிகளைக் குறித்து வையுங்கள், அடுத்த கிராம சபைக்கு அந்தச் சீட்டைக் கொண்டு வாருங்கள்.