அக்காள் மகளின் வயதை நிரூபிப்பது எப்படி?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நாங்கள் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் வாழும் இருளர் குடும்பத்தினர். என் அக்கா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 2024 பிப்ரவரியில் அக்காள் கணவர் ஒரு தரகரிடம் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, அக்காள் மகளை ஆந்திரத்துக்கு வாத்து மேய்க்க அனுப்பிவிட்டார். பதினான்கு மாதங்கள் கழித்து அவளாகவே தப்பி வந்து சேர்ந்தாள். 2024 இறுதியிலிருந்து வாத்துக்காரரின் உறவினன் அவளிடம் பலமுறை தகாத முறையில் நடந்திருக்கிறான். காவல் நிலையத்தில் எங்களை நாள் முழுவதும் நிற்க வைத்து, சாதியைச் சொல்லிப் பேசிய பிறகே போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவு செய்தார்கள். இப்போது அவள் குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். அவளைத் தங்கள் பொறுப்பில் விடும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் அக்காள் கணவரும் நானும் தனித்தனியே மனுக் கொடுத்திருக்கிறோம். ஆதாரில் பிறந்த தேதி 01.01.2006 என்று இருப்பதால் அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்கிறது எதிர்த்தரப்பு. மூன்று லட்சம் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் மூலம் சொல்லியும் அனுப்புகிறார்கள். அவள் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்; தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) எழுதிக் கொடுத்துவிட்டார். 2008 ஜூனில் பிறந்த அவளுடைய அண்ணன் மட்டும் பத்தாவது தேறியிருக்கிறான். பெற்ற பிள்ளையை விற்ற அக்காள் கணவரும் சிறைக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. எனவே உங்கள் கடிதத்திலிருந்த ஊர், மாவட்டம், பெயர்கள் அனைத்தையும் நீக்கியிருக்கிறேன். நீங்களும் இனி இதை யாரிடமும் பெயர் சொல்லிப் பேச வேண்டாம்.

காவல் நிலையத்தில் உங்களை நிற்க வைத்ததும், சாதியைச் சொல்லிப் பேசியதும், ஊர்ப் பெரியவர்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சும் கடிதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருக்கின்றன. அவை நடந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இந்த வழக்கின் முடிவு அவற்றில் எதைச் சார்ந்தும் இல்லை. குற்றம் நடந்த நாளில் அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்கும்படி நிரூபிக்க முடியுமா என்ற ஒரே கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது நிரூபணமானால் அவள் விரும்பித்தான் போனாள், விரும்பித்தான் இருந்தாள் என்ற வாதங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நிரூபணமாகாவிட்டால் போக்சோ சட்டம் முழுவதும் கழன்றுவிடும், ஆள் கடத்தல் குற்றத்தில் குழந்தைக்கென்று உள்ள கடும் தண்டனையும் போய்விடும், பிறகு அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் நின்று தன் சம்மதத்தைப் பற்றிய குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இதற்கான திறவுகோலை நீங்களே கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய அண்ணன் 2008 ஜூனில் பிறந்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் பெற்றிருக்கிறான். ஒரே தாய் வயிற்றில் அவனுக்குப் பின் பிறந்த பெண் 2006-இல் பிறந்திருக்க முடியாது. மிக முன்னதாகக் கணக்கிட்டாலும் அவள் பிறந்தது 2009-இல்தான் என்பதால், அவள் தப்பி வந்த 2025 ஏப்ரலில்கூட அவள் வயது பதினாறுக்கு மேல் போகாது. அவள் அவனுக்கு இளையவள் என்பது ஏற்கப்பட்டால், ஆதார் தேதி பொய் என்பதை அந்த ஒரு காகிதம் காட்டிவிடுகிறது. இருளர் குடியிருப்புகளில் ஆதார் முகாம் நடக்கும்போது பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிடுவதை நாம் அறிவோம். ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் ஆதாரைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஆதாரைத் தோற்கடித்துவிட்டால் மட்டும் அவள் வயது நிரூபணமாகிவிடாது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். வயதை முடிவுசெய்யும் வழியை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் வரிசைப்படுத்தியிருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில் வரும். அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ் வரும். இவை எதுவும் இல்லாதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனை. இந்த வரிசையில் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., இல்லை. 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு போக்சோ வழக்கில் அரசுத் தரப்பு டி.சி.யை மட்டுமே நம்பி நின்றது. எலும்புப் பரிசோதனையோ வயது பதினெட்டைத் தாண்டியிருப்பதாகச் சொன்னது. உச்ச நீதிமன்றம் போக்சோ குற்றச்சாட்டிலிருந்து எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, விடுவித்துவிட்டது. தலைமை ஆசிரியர் டி.சி. எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நீங்கள் நிம்மதியாக எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தத் தீர்ப்புதான். டி.சி. போதாது. சேர்க்கைப் பதிவேட்டின் அடிப்படையில் தனியாகப் பிறந்த தேதிச் சான்றிதழ் கேளுங்கள். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது அந்தத் தேதியை யார், எந்த ஆவணத்தைக் காட்டிச் சொன்னார்கள் என்பதையும், மூலப் பதிவேடு பத்திரமாக இருக்கிறதா என்பதையும் விசாரணை அதிகாரி இப்போதே பதிவு செய்யுமாறு எழுத்து மூலம் கோருங்கள்.

எலும்புப் பரிசோதனைக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. அந்தப் பரிசோதனை ஒரு தேதியைத் தராது, பதினாறு முதல் பதினெட்டு வரை என்பது போன்ற ஒரு இடைவெளியைத்தான் தரும். அதற்கு மேலும் கீழும் இரண்டு ஆண்டுகள் பிழைக்கு இடமுண்டு என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாக ஏற்றுவரும் நிலை, ஐயத்தின் பலனோ எதிரிக்குச் சேரும். பதினைந்து வயதுப் பெண்ணை இருபது வயதுப் பெண்ணாக ஒரு வழக்கறிஞர் வாதிட்டுக் காட்டுவதை நான் எதிரில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். எனவே பரிசோதனை நடந்தாலும், வயதுப் பிரச்சினையைச் சிறப்பு நீதிமன்றம் முடிவுசெய்வதற்கு முன் அண்ணனின் சான்றிதழ் அதன் கோப்பில் இருந்தாக வேண்டும்.

இனிச் சொல்லப்போவது நான் மிகவும் அஞ்சும் ஒன்று. உங்களைப் போல அக்கறையுள்ள உறவினர்களும், உதவிக்கு வரும் நல்ல மனிதர்களும் முதலில் செய்வது கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடி, தாமதப் பதிவு மூலம் புதிய பிறப்புச் சான்றிதழ் வாங்குவதும், அதைக் காட்டி ஆதாரில் தேதியைத் திருத்துவதும்தான். வழக்குப் பதிவான பிறகு பிறந்த சான்றிதழ் வழக்குக்காகவே பிறந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆதாரில் செய்த திருத்தத்தின் தடமும் அழியாமல் இருக்கும். அப்போது உண்மையான தேதியே செயற்கையான தேதி போலத் தோன்றிவிடும். உண்மையிலேயே பதினெட்டு நிரம்பாத ஒரு பெண், குடும்பத்தார் அவசரப்பட்டு வாங்கிய காகிதத்தால் நம்பிக்கை இழந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன், அதை இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. ஆதாரைத் தொடாதீர்கள். புதிய சான்றிதழுக்கு மனுச் செய்வதற்கு முன் பழைய பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பிரசவித்திருந்தால், குழந்தையின் பெயர் இல்லாமலே பிறப்பு பதிவாகியிருக்க வாய்ப்பு மிகுதி. பெயர் சேர்க்க யாரும் திரும்பிப் போகாததால் அப்படியே கிடக்கும் பதிவுகள் ஏராளம். தாய் தந்தை பெயரையும் 2009, 2010, 2011 ஆகிய ஆண்டுகளையும் கொடுத்துப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பெயரில்லாத அந்த ஒரு வரி, இன்று நீங்கள் வாங்கக்கூடிய எந்தப் புதுச் சான்றிதழை விடவும் வலுவானது, ஏனென்றால் அது எழுதப்பட்ட நாளில் இந்த வழக்கு யாருடைய கனவிலும் இல்லை. செங்கல் சூளையிலோ வயலிலோ பிரசவம் நடந்திருந்தால் அங்கன்வாடிப் பதிவேடு, கிராம சுகாதாரச் செவிலியரின் தடுப்பூசிப் பதிவு, பழைய குடும்ப அட்டை ஆகியவற்றைத் தேடுங்கள். அவை 94-ஆம் பிரிவின் வரிசையில் இல்லாவிட்டாலும், அண்ணனுக்குப் பின் பிறந்தவள் அவள் என்பதற்குத் துணை நிற்கும்.

பிறப்பு வரிசை என்ற இந்த இடத்தில்தான் உங்கள் அக்காள் கணவர் வருகிறார். அண்ணன்தான் தங்கைக்கு இளையவன் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், இருவரின் பிறப்பையும் நேரில் அறிந்து மறுத்துச் சொல்லக்கூடிய பெற்றோரில் தாய் உயிரோடு இல்லை, எஞ்சியிருப்பது தந்தை மட்டுமே. அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆயினும் அவர் மீது புகார் கொடுக்காதீர்கள் என்றே சொல்வேன். எதிரியாக்கப்பட்ட தந்தை ஒன்று வாய் திறக்க மாட்டார், அல்லது வாத்துக்காரரின் வழக்கறிஞர் எழுதித் தரும் காகிதத்தில் கைநாட்டு வைப்பார். மகளுக்குப் பதினெட்டு முடிந்தது என்று பின்னால் எழுதிக்கொள்ள உதவும் ஒரு வெற்று முத்திரைத்தாளில் அவர் கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதை இன்றே கேட்டறியுங்கள், ஏனென்றால் தரகர்கள் முன்பணம் கொடுக்கும்போதே அதை வாங்கிவைப்பது உண்டு. முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைப்பதே 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கடனும் சட்டத்தின் கண்ணில் அழிந்துபோன ஒன்று, எனவே 15,000 ரூபாயை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. அந்தப் பணத்துக்குப் பயந்துதான் அவர் ஒதுங்கி நிற்கிறார் என்றால், இதை அவரிடம் எடுத்துச் சொல்வதே அவரை உங்கள் பக்கம் கொண்டுவரும். 2025 மே மாதத்தில், கடனுக்குப் பிணையாக வாத்து மேய்ப்பவரிடம் விடப்பட்ட ஆந்திரத்து யானாதிப் பழங்குடிச் சிறுவன் ஒருவனின் உடல் காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் தோண்டியெடுக்கப்பட்டது. அந்தச் சிறுவனின் தாயும் பிள்ளையை விற்றவர் அல்லர், கடனுக்கு முன் வேறு வழியில்லாமல் நின்றவர்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள், வாத்துக்காரரோடு அல்ல, அக்காள் கணவரோடு. குழந்தைகள் நலக் குழுவின் முன் நீங்கள் இருவரும் போட்டி மனுக்களோடு நின்றால், வீட்டு விசாரணை அறிக்கைகள் ஒன்றையொன்று மறுக்கும், அவள் இல்லத்திலேயே மாதக்கணக்கில் இருப்பாள். அவள் உங்கள் தாயாரிடம், அதாவது அவளுடைய பாட்டியிடம், வளர்வதற்குத் தந்தை சம்மதிக்கட்டும். பதிலுக்கு நீங்கள் அவர் மீது தனிப் புகார் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இருவரும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு, என்ன நடக்கும் என்று தெரிந்தே அப்பா அனுப்பினார் என அவளே சொல்லியிருந்தால் அதுதான். அப்போது இந்த யோசனையை முற்றிலும் மறந்துவிடுங்கள், அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் யாரும் மாற்றச் சொல்லக் கூடாது.

மூன்று லட்சம் குறித்து அதிகம் எழுதத் தேவையில்லை. போக்சோ குற்றம் சமரசத்தால் முடியக்கூடியது அல்ல. ராஜஸ்தானில் பாதிக்கப்பட்ட பெண்ணின் தந்தையே சமரசம் செய்துகொண்டதால் உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு வழக்குக்கு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. பணத்தை வாங்கினால் வழக்கும் முடியாது, குற்றத்தை மறைக்கப் பணம் பெற்றவர் என்று உங்கள் மீது தனி வழக்கும் வரலாம். பாலியல் சுரண்டலுக்கும் கடத்தலுக்கும் ஆளான கொத்தடிமைக் குழந்தைக்கு மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் தருவதும் அதே மூன்று லட்சம் ரூபாய்தான். அதில் 30,000 வரை உடனடி உதவியாகக் கோரலாம், மீதி தாமதமாகும். சிறப்பு நீதிமன்றத்திடம் இடைக்கால இழப்பீடும் தனியே கேட்கலாம். மறுவாழ்வுத் திட்ட உதவிக்குக் கொத்தடிமை நிலையிலிருந்து மீண்டதற்கான விடுவிப்புச் சான்று தேவை, அதற்கான மனுவை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் முதல் தகவல் அறிக்கையில் இல்லை என்று தெரிகிறது. எதிரி பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லர் என்றால் அவற்றைச் சேர்க்கக் கோர வேண்டும், அதற்குக் கோட்டாட்சியர் வழங்கும் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அண்ணன் பள்ளியில் படிக்கும்போது அதை வாங்கியிருக்கிறானா என்று பாருங்கள்.

இல்லத்துக்குப் போய் அவளைப் பார்க்கும்போது வழக்கைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், சாட்சி சொல்லப் பழக்காதீர்கள். பழக்கப்பட்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும், அதன் விலையை அவள்தான் கொடுப்பாள். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி அவளுக்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும் கடமை குழந்தைகள் நலக் குழுவுக்கு உண்டு. நீதிமன்றத்தில் என்ன நடக்கும், யார் கேள்வி கேட்பார்கள், எதிரி அவள் கண்ணில் படாதபடி எப்படி ஏற்பாடு செய்வார்கள் என்பதையெல்லாம் அவளுக்குப் புரியும்படி சொல்லி, மருத்துவத்துக்கும் மன ஆறுதலுக்கும் உடன் நிற்க வேண்டியவர் அவர். இதுவரை யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் தந்தையும் நீங்களும் கையெழுத்திடும் அதே மனுவில் அதையும் கேளுங்கள். அண்ணனின் மதிப்பெண் சான்றிதழின் மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், சான்றொப்பமிட்ட நகல்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமிக்கும் வழக்கறிஞரிடமும் சிறப்பு அரசு வழக்கறிஞரிடமும் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.