அந்த 65 சதவீதம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரியாக இருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். சில வருடங்களுக்கு முன்பு வேறொரு கிளையில் இருந்தபோது நடந்தது இது. மார்ச் நெருங்க நெருங்க இன்சூரன்ஸ் டார்கெட் பற்றி மேனேஜர் தினமும் காலையில் கேட்பார். அப்போது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பணிக்கொடைப் பணத்தை எஃப்.டி.யில் போட வந்தார். மேனேஜர் அவரைக் கேபினுக்குள் கூப்பிட்டுப் பேசி ஒரு பாலிசிக்குச் சம்மதிக்க வைத்தார். வருடா வருடம் பிரீமியம் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. நான் படிவத்தை நிரப்பினேன், அவ்வளவுதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவர் என்னைப் பார்த்து, "இது எஃப்.டி. மாதிரிதானே தம்பி?" என்று கேட்டார். நான் மேனேஜரைப் பார்த்தேன். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் இரண்டாவது பிரீமியத்துக்கு நோட்டீஸ் வந்ததும் அவர் கிளைக்கு வந்து நின்றார். அந்த முகம் மறக்கவில்லை.

என்னை யாரும் மிரட்டவில்லை. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டில் அப்பாவுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, பள்ளியில் வாத்தியாருக்குக் கிடையாது. இந்தப் பணிவு நம் ஆட்களுக்கு ரத்தத்திலேயே ஊறியதா? சமீபத்தில் மில்கிராம் ஆய்வு பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். 65 சதவீதம் பேர் சொன்னபடி கடைசி வரை ஷாக் கொடுத்தார்களாம். மனித இயல்பே அதுதான் என்று கொஞ்சம் நிம்மதி வந்தது. அது சரியா? இப்போது எனக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நிம்மதி சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. 65 என்ற எண்ணை மட்டும் பிய்த்து எடுத்துச் சொன்னால் அந்த ஆய்வு சொன்னதற்கு நேர் எதிரான அர்த்தம் வந்துவிடுகிறது. வீடியோக்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன.

நடந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1961 ஆகஸ்ட். யூதப் படுகொலையில் பங்கெடுத்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு ஜெருசலேமில் நடந்த அதே வருடம். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தில், முப்பது வயதைத் தொடாத உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இந்தச் சோதனையைத் தொடங்கினார். நினைவாற்றல் பற்றிய ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வந்துபோக 50 சென்ட் என்று விளம்பரம் கொடுத்தார். தபால் ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், விற்பனையாளர்கள், பொறியாளர்கள், தொழிலாளர்கள் வந்தார்கள். வந்தவுடனேயே பணம் அவர்களுடையது, பாதியில் எழுந்து போனாலும் திருப்பிக் கேட்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த அறையில் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் ஒருவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து 15, 15 ஆகக் கூடி 450 வரை போகும் 30 சுவிட்சுகள். ஷாக் பொய், கட்டப்பட்டிருந்தவர் நடித்தார். தயங்கினால் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஆய்வாளர் வரிசையாக நான்கு வாக்கியங்கள் சொல்வார். "தயவுசெய்து தொடருங்கள்" என்று ஆரம்பித்து "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்" என்று முடியும். அதற்கும் மறுத்தால் சோதனை முடிந்தது. 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். உங்கள் 65 அங்கிருந்து வருகிறது. ஆயிரத்தில் ஒருவர்தான் அவ்வளவு தூரம் போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள்.

ஆனால் மில்கிராம் இதோடு நிறுத்தவில்லை. சூழலை மாற்றி மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் செய்து பார்த்தார். ஷாக் வாங்குகிற ஆளை அதே அறையில் உட்கார வைத்தபோது கடைசி வரை போனவர்கள் 40 சதவீதம். அவர் கையைப் பிடித்து உலோகத் தகட்டில் அழுத்த வேண்டும் என்று வைத்தபோது 30. ஆய்வாளர் வெளியே போய் டெலிபோனில் உத்தரவு கொடுத்தபோது சுமார் 20. அந்தச் சோதனையில் சிலர் குறைந்த வோல்ட்டையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டு, கூட்டிக்கொண்டே போவதாகப் போனில் பொய் சொன்னார்கள்! யேல் பெயர் இல்லாமல் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ஒரு சாதாரண அலுவலகத்தில் நடத்தியபோது 47.5. கூடவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் (அவர்களும் நடிகர்கள்தான்) "எங்களால் முடியாது" என்று எழுந்துபோனபோது 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசி வரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்களில் ஒருவர் "தொடருங்கள்" என்றும் இன்னொருவர் "போதும், நிறுத்துங்கள்" என்றும் சொன்னபோது 20 பேரில் ஒருவர்கூடக் கடைசி வரை போகவில்லை.

அப்புறம், உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்த சோதனை. அதில் வந்தவர் சுவிட்சைத் தொட வேண்டியதில்லை. சுவிட்ச் போடுவது பக்கத்தில் இருப்பவர் வேலை. இவர் கூடமாட மற்ற வேலைகளைச் செய்தால் போதும். 40 பேரில் 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். "நான் படிவத்தை நிரப்பினேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அந்த நாற்காலிதான் இது.

ஒரே வட்டாரம், ஒரே காலம், ஒரே மாதிரி ஆட்கள். பூஜ்யத்திலிருந்து 92.5 வரை போகிறது. இதில் எந்த எண்ணை மனித இயல்பு என்று சொல்வீர்கள்?

ரத்தத்துக்கு வருகிறேன். கண்டிப்பான அப்பா, அடி, பயம், இதிலிருந்து மேலே இருப்பவர்களுக்குப் பணிந்தும் கீழே இருப்பவர்களை மிதித்தும் வாழும் ஒரு குணம் உருவாகிறது என்று 1950இல் ஜெர்மன் சிந்தனையாளர் அடோர்னோவும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். நாஜி ஜெர்மனியில் நடந்ததைப் புரிந்துகொள்ள நடந்த முயற்சி அது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மில்கிராம் சோதனையில் முழுக்கப் பணிந்தவர்களை, அந்தக் குணத்தை அளக்க அடோர்னோ குழு உருவாக்கிய அளவுகோலில் சோதித்தபோது மறுத்தவர்களைவிட அதிக மதிப்பெண் வந்தது. ஆனால் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்துபோனதும் பணிவு 10 சதவீதத்துக்கு விழுவதை வளர்ப்பு எப்படி விளக்கும்? நியூ ஹேவனில் பார்த்துவிட்டு அடுத்ததாக ஜெர்மனியில் சோதிப்பதுதான் மில்கிராமின் முதல் திட்டம். நியூ ஹேவன் முடிவுகளே ஜெர்மனிக்குப் போக வேண்டிய அவசியத்தை இல்லாமல் செய்துவிட்டன. மில்கிராம் முறையில் நடந்து 2017இல் வெளியான போலந்து ஆய்வில், பத்தாவது பொத்தானோடு நிறுத்திக்கொண்ட சோதனையில், 80 பேரில் 72 பேர் அதுவரை அழுத்தினார்கள். இவர்கள் யாரும் நம் வாத்தியார்களிடம் படித்தவர்கள் இல்லை. இன்னொரு பக்கம், 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் நிராயுதபாணிக் கூட்டத்தைச் சுட மறுத்த, பிரிட்டிஷ் இந்தியப் படையின் கட்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்கள் நம் ஆட்கள்தான். பணிவையே தொழிலாகப் பழக்கப்பட்டவர்கள் அவர்கள். அதற்காக அவர்களுக்கு முன்னின்ற சந்திர சிங் கட்வாலி பல வருடம் சிறையில் இருந்தார்.

மில்கிராம் கொடுத்த விளக்கம் வேறு. அதிகாரத்தின் முன்னால் மனிதன் தன்னை இன்னொருவரின் கருவியாக நினைக்கும் ஒரு நிலைக்குள் போய்விடுகிறான், பொறுப்பு மேலே இருப்பவருடையது என்று விட்டுவிடுகிறான் என்றார். 1974இல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். பிரபலமான விளக்கம் இதுதான், ஆனால் எனக்கு இது போதவில்லை. கருவியாகிவிட்டவனுக்கு ஏன் வியர்க்க வேண்டும்? அந்த 40 பேர் நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது. ஆய்வாளரோடு வாதாடினார்கள். வாய் வாதாடிக்கொண்டிருக்கும்போதே கை அடுத்த சுவிட்சைப் போட்டது. மனசாட்சி அங்கேயேதான் இருந்தது. நீங்களும் பதில் சொல்லும் முன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தெரிவது இரண்டு. ஒன்று, படிப்படியாகப் போவது. 15 வோல்ட் யாருக்கும் பெரிய விஷயமில்லை. 300 கொடுத்தவர் 315இல் நிறுத்தினால், இதுவரை செய்ததும் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதைவிட அடுத்த சுவிட்ச் சுலபம். உங்கள் கிளையிலும் ஆசிரியர் வருவதற்கு முன்பே லாக்கர் கேட்டவரிடம் ஒரு சின்ன பாலிசி, கடன் கேட்டவரிடம் இன்னொன்று என்று ஆரம்பித்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இரண்டாவது, அலெக்ஸ் ஹஸ்லம், ஸ்டீபன் ரெய்ச்சர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொல்வது. மக்கள் வெறும் உத்தரவுக்குப் பணிவதில்லை, ஒரு நல்ல காரியத்தில் பங்கெடுப்பதாக நம்பித்தான் தொடர்கிறார்கள் என்கிறார்கள் அவர்கள். அதற்கு ஒரு சான்று அந்த நான்கு வாக்கியங்களிலேயே இருக்கிறது. ஜெர்ரி பர்கர் என்ற உளவியலாளர் மில்கிராம் சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தும்படி மாற்றி மறுபடி செய்து, 2009இல் வெளியிட்டார். 70 சதவீதம் பேர் அதைத் தாண்டவும் தயாராக இருந்தார்கள். ஆனால் "உங்களுக்கு வேறு வழியில்லை" என்ற பச்சை உத்தரவு வரை போனவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு தொடரவில்லை. "ஆய்வுக்கு இது தேவை" என்ற இரண்டாவது வாக்கியம் நகர்த்திய அளவு அது நகர்த்தவில்லை. உங்கள் மேனேஜரும் "செய், இல்லாவிட்டால் பார்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் முறைத்திருப்பீர்கள். "நம்ம கிளை பின்தங்கக் கூடாது" என்று சொல்லியிருப்பார்.

இந்தச் சோதனைகளின் எண்களை அப்படியே இயற்கை விதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜீனா பெர்ரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் யேலின் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து, ஆய்வாளர் பல சமயம் நான்கு வாக்கியத்தைத் தாண்டி வற்புறுத்தியதையும், ஷாக் பொய் என்று பலர் சந்தேகப்பட்டதையும் எழுதியிருக்கிறார். எனக்கு எந்தத் தனி எண்ணையும்விட எண்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது.

ஒரு விஷயத்தை நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள். டாமினிக் பேக்கர் என்பவர் 2008இல் மில்கிராமின் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார். மறுத்தவர்கள் அதிகமாக மறுத்த இடம் 150 வோல்ட். அங்கேதான் கட்டப்பட்டிருப்பவர் முதல்முறையாக "என்னை வெளியே விடுங்கள்" என்று கேட்கிறார். அதற்கு முன்பும் பின்பும் வலிக் கூச்சல் இருக்கிறது, ஆனால் கூச்சல் கூடக் கூட மறுப்பு அதே அளவுக்குக் கூடவில்லை. அவர் நேரடியாகக் கேட்ட அந்த இடத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் முடிவு வரை போய்விட்டார்கள். "எஃப்.டி. மாதிரிதானே தம்பி?" என்று ஆசிரியர் கேட்டது அந்த இடம்.

மாற்றல், இன்க்ரிமென்ட், வீட்டுக் கடன் பற்றி மற்ற வாசகர்கள் எழுதுவார்கள். நியாயம். யேலில் யாருக்கும் எதுவும் பறிபோகாது, வங்கியில் போகும். அதனால்தான் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சூழலை மாற்றலாம்.

1966இல் சார்லஸ் ஹாஃப்லிங் குழு மருத்துவமனை வார்டுகளில் தனியாக இருந்த 22 நர்ஸ்களுக்கு, யாரென்றே தெரியாத டாக்டர் பெயரில் போன் செய்தது. புட்டியில் எழுதியிருந்த உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு மருந்தைக் கொடுக்கச் சொன்னது. 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். 1977இல் வேறு இருவர், நர்ஸ்களுக்குப் பழக்கமான மருந்தை வைத்து, சக நர்ஸ்களிடம் பேசிக்கொள்ளும் வாய்ப்போடு செய்தபோது 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. தான் கையாளும் பொருளைத் தெரிந்திருப்பதும், கேட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதும் அவ்வளவு வித்தியாசம் செய்கின்றன.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குப் பாலிசியை முழுசாகச் சொல்லிக்கொடுங்கள். எத்தனை வருடம் கட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் என்ன போகும், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் அவர்களே தமிழில் சொன்ன பிறகுதான் கையெழுத்து என்று உங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் வையுங்கள். கேபினுக்குள் யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். மேனேஜரோடு உங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றை, மரியாதையோடுதான், அந்தப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லுங்கள். இரண்டு மேலதிகாரிகளின் சொல் வேறுபட்ட சோதனையில்தான் பூஜ்யம் வந்தது. அந்த இரண்டாவது ஆளாக இருக்க இப்போது உங்களால் முடியும்.

அந்த ஆசிரியரைப் போய்ப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் இருந்தால் பாருங்கள். இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடமோ வங்கியின் தலைமையகத்திலோ அவர் புகார் கொடுக்க நினைத்தால், "எஃப்.டி. மாதிரிதான் என்று நான்தான் சொன்னேன்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவருக்குப் பெரிய பலம். உங்களுக்கு அதில் சிக்கல் வரலாம், முதலில் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.