கை போகவில்லையா, போகும்போது வலிக்கிறதா?

கேள்வி: எனக்கு 52 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. நான்கு மாதமாக இடது தோள்பட்டையில் வலி. முதலில் ராத்திரியில் மட்டும் இருந்தது. இப்போது தலை சீவவும் முதுகுப் பக்கம் ஊக்கு மாட்டவும் கை போகவில்லை. எக்ஸ்ரேயில் எல்லாம் நார்மல் என்றார்கள். ஒருவர் கையை அசைக்கவே கூடாது என்கிறார், இன்னொருவர் தினமும் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொல்கிறார். பிசியோதெரபிக்கு ஐந்து நாள் போனேன், சூடு வைத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்திவிட்டேன். பிசியோதெரபியால் உண்மையிலேயே பலன் உண்டா? இந்த வலி வலது தோளுக்கும் வந்துவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்தக் கம்பியை விட்டுவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ராத்திரியில் எழுப்பிவிடுகிற அளவுக்கு வலி இருக்கிற தோளில் உடம்பின் மொத்த எடையையும் தொங்கவிட்டால் மிச்சமிருக்கிற தூக்கமும் போகுமே தவிர, கை ஒரு விரற்கடைகூடக் கூடுதலாக உயராது. அதற்காக அசைக்காதே என்று சொன்னவர் சொல்வது சரி என்று நினைத்துவிடாதீர்கள். தூளி கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தால் நல்ல தோளே இறுகிப்போகும்.

தோள் வலி என்று வருகிறவர்களிடம் பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றுதான்: கை போகவில்லையா, இல்லை போகும்போது வலிக்கிறதா? கேட்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வைத்தியம் இங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கைகளை நேராக முன்னால் நீட்டுங்கள். முழங்கை விலாவை விட்டு விலகாமல், இரட்டைக் கதவைத் திறப்பதுபோல இரண்டு கைகளையும் வெளிப்பக்கம் திருப்புங்கள். வலது கை தாராளமாகப் போகும். இடது கை பாதியில் நின்றால், வீட்டில் யாரையாவது கூப்பிட்டு அந்த மணிக்கட்டை மெதுவாக, மறுபடியும் சொல்கிறேன் மெதுவாக, இன்னும் கொஞ்சம் வெளியே நகர்த்தச் சொல்லுங்கள். அவர் நகர்த்தினாலும் சுவரில் முட்டியதுபோல அதே இடத்தில் நின்றால் மூட்டே இறுகியிருக்கிறது. நீங்களாகக் கொண்டுபோக முடியாத இடத்துக்கு அவர் பிடித்து நகர்த்தும்போது போய்விட்டால் மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் அதை இழுக்கிற தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கிற நாணில்.

உங்களுக்கு முட்டி நிற்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். வயது 40-க்கும் 60-க்கும் நடுவில், பெண், சர்க்கரை உண்டு, ராத்திரி வலியில் ஆரம்பித்து மெல்ல மெல்ல அசைவு குறைந்திருக்கிறது, எக்ஸ்ரே நார்மல். 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது உறைந்த தோள், என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கடிதம் வராது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது, உங்கள் டாக்டர் கையால் அசைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். எக்ஸ்ரே நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் கிடையாது. அதில் எலும்புதான் தெரியும். எலும்பு தேயவில்லை, உடையவில்லை, விலகவில்லை என்று தெரிந்துகொண்டோம், அது நல்ல செய்திதான், ஆனால் உங்கள் தொல்லை எலும்பைச் சுற்றியிருக்கிற உறையில்.

தோள் மூட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிற போட்டி ஞாபகம் இருக்கிறதா, அதேதான். கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது, அது உட்காருகிற குழியோ மேலோட்டமானது. அதனால்தான் உடம்பில் வேறெந்த மூட்டும் சுழலாத அளவுக்கு இது சுழல்கிறது, அதனால்தான் மற்ற மூட்டுகளைவிட அதிகமாக நழுவவும் செய்கிறது. பழம் விழாமல் பிடித்துக்கொள்ள இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று, மூட்டைச் சுற்றித் தொளதொளவென்று ஒரு உறை. இன்னொன்று, நான்கு சின்னத் தசைகள் சேர்ந்து உருண்டையைக் குழிக்குள் அமுக்கிப் பிடிக்கிற 'ரொட்டேட்டர் கஃப்'. உறைந்த தோளில் அந்த உறை அழற்சியாகி, தடித்து, சுருங்கிவிடுகிறது. துவைத்துச் சுருங்கிப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் இழுத்துப் பிடிக்குமே, உள்ளே நடப்பது அதுதான். கண்ணாடி முன் நின்று இடது கையைத் தூக்கிப் பாருங்கள், கை கிளம்புவதற்கு முன்னாலேயே தோள்பட்டை காதை நோக்கி ஏறும். மூட்டு ஒத்துழைக்காததால் முதுகுப் பக்கத்துத் தோள் எலும்பு அந்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறது. சாயங்காலம் ஆனால் கழுத்துப் பிடரி வலிக்குமே, அது இதனால்தான்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பலமடங்கு அதிகமாக வருகிறது, வந்தால் பிடிவாதமாகவும் இருக்கும். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே, அதனால் தைராய்டு பரிசோதனை செய்து நாளாகியிருந்தால் இந்தச் சாக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வலிக்கிற கட்டம், இறுகுகிற கட்டம், இளகுகிற கட்டம் என்று மூன்று கட்டங்கள் உண்டு, மொத்தமாக ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம்வரை இழுக்கும். கேட்க பயமாகத்தான் இருக்கும், ஆனால் இதை உங்களிடம் யாரும் சொல்லாததால்தான் ஐந்து நாளில் மாறவில்லை என்று நின்றுவிட்டீர்கள். மாதக் கணக்கில் போகிற நோயை நாள் கணக்கில் அளந்தால் எந்த வைத்தியமும் தோற்றதாகத்தான் தெரியும்.

சரி, இதைப் படிக்கிற எல்லோருக்கும் உறைந்த தோள் என்று அர்த்தமில்லை. மிக அதிகமாகப் பார்ப்பது ரொட்டேட்டர் கஃப் தசைநாண் தொல்லை. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது, சுமார் 60 டிகிரிக்கும் 120 டிகிரிக்கும் நடுவில் சுருக்கென்று பிடிக்கும், அதைத் தாண்டிவிட்டால் மறுபடியும் லேசாகிவிடும். வலி மேல்கையின் வெளிப்பக்கம்தான் தெரியும், அதனால் பலர் தோளை விட்டுவிட்டு கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். வருடக்கணக்கில் தலைக்குமேல் கைதூக்கி வேலை செய்கிறவர்களுக்கும், பந்து வீசுகிறவர்கள், நீந்துகிறவர்களுக்கும் வரும், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்தே இருந்துவிட்டு ஒரே நாளில் வீடு முழுக்க வெள்ளையடித்தவருக்கும் வரும். ஸ்கேனில் 'கிழிசல்' என்று எழுதிவந்துவிட்டால் உடனே ஆபரேஷன்தான் என்று நடுங்குகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களை எடுத்துக்கொண்டால், வலியே இல்லாத எத்தனையோ தோள்களில் கிழிசல் இருக்கிறது, தலை நரைப்பதுபோல அதுவும் ஒன்று. விழுந்து அடிபட்டுத் திடீரெனக் கிழிந்து கை தூக்கமுடியாமல் போவது வேறு விஷயம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னும் சில உண்டு. தோளின் உச்சியில், காரை எலும்பு முடிகிற இடத்தில் விரலை வைத்துக் காட்ட முடிகிற வலி, கையைக் குறுக்கே மறுதோளைத் தொடக் கொண்டுபோனால் கூடுகிறது என்றால் அது அந்தச் சின்ன மூட்டு. தசைநாணில் சுண்ணாம்பு படிந்து ஒரே ராத்திரியில் கண்ணீர் வரவைக்கிற வலியும் உண்டு, இது எக்ஸ்ரேயில் தெரியும். வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை ஓடுகிறது, மரத்துப்போகிறது, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் தோளுக்கு எத்தனை பயிற்சி செய்தாலும் வீண், கோளாறு கழுத்து நரம்பில்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பிசியோதெரபியால் பலன் உண்டு. ஆனால் உங்களுக்கு அந்த ஐந்து நாளில் நடந்ததை அந்தப் பெயரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தொழில் செய்கிறவர்களையே குறை சொல்கிறேன், பரவாயில்லை. சூடும் கரண்டும் சிலருக்கு கொஞ்ச நேரம் வலியைக் குறைக்கும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்யத்தான் அது. மெஷினை வைத்துவிட்டு அப்படியே அனுப்பினால் சமையலுக்கு அடுப்பு பற்றவைத்துவிட்டு உலை வைக்காமல் போனமாதிரி. உருப்படியான முதல் நாள் எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் எத்தனை டிகிரி போகிறது என்று அளந்து எழுதுவார்கள், கழுத்தைச் சோதிப்பார்கள், எப்படிப் படுக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார்கள், கடைசியில் வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்து உங்களைச் செய்யவைத்துப் பார்ப்பார்கள். பத்து பதினைந்து பயிற்சி எழுதிய தாளைக் கையில் திணித்தால் யாரும் செய்வதில்லை, அது எங்களுக்கும் தெரியும்.

நீங்கள் இருக்கிற கட்டத்தில் இழுத்து நீட்டுகிற வேலை வேண்டாம், வலி இல்லாத எல்லைக்குள் கையை ஆடவிடுவதுதான். மேஜையில் வலது கையை ஊன்றிக் குனிந்து, இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஊஞ்சல்போல ஆடும். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் காட்மன் பெயரில் வழங்குகிற பயிற்சி இது, 1934-ல் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று இந்த நோய்க்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். இரண்டாவது, மேஜைமேல் ஒரு துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து, மேஜை துடைப்பதுபோல முன்னால் தள்ளிக்கொண்டே உடம்பையும் சாயவிடுவது. மூன்றாவதுக்கு ஒரு குச்சி போதும். மல்லாந்து படுத்து, முழங்கைகளை விலாவோடு வைத்து, இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து, வலது கையால் இடது கையை வெளிப்பக்கம் தள்ளுவது. நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம், போதும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்படவேண்டாம், ஆனால் அந்த வலி அடுத்தநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். ராத்திரி வலி அடங்கி இறுக்கம் மட்டும் நிற்கிற கட்டம் வரும்போது பிசியோதெரபிஸ்ட் இதையே வலுவாக நீட்டுகிற பயிற்சியாக மாற்றுவார்.

வலி தாங்கமுடியவில்லை என்றால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், ஆரம்ப மாதங்களில் அது நன்றாகவே உதவும், பயிற்சி செய்யவும் வழிவிடும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஊசிக்குப் பிறகு சில நாள் அளவு ஏறும், அதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடாதா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். பிரிட்டனில் 503 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். ஊசியோடு பிசியோதெரபி, மயக்கம் கொடுத்துத் தோளை அசைத்து விடுவிப்பது, துளைவழி அறுவை சிகிச்சை என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்கிற மாதிரி வரவில்லை.

தசைநாண் தொல்லைக்காரர்களுக்கு வழி வேறு, அங்கே தேவை பலம். முதலில் கையை அசைக்காமல் சுவரில் அழுத்துவது, அப்புறம் ரப்பர் பட்டை, அப்புறம் எடை, கூடவே தோள் எலும்பைப் பிடித்து நிற்கிற முதுகுத் தசைகளுக்கும் வேலை. 12 வாரமாவது விடாமல் செய்யவேண்டும். எலும்பைச் சுரண்டி இடம் உண்டாக்குகிற ஆபரேஷன் ஒரு காலத்தில் ரொம்பப் பிரபலம். 2018-ல் வெளியான ஆய்வில், எதையும் சுரண்டாமல் கருவியை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்த நோயாளிகளுக்கும் வலி கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தது.

தூக்கத்துக்கு ஒரு யோசனை: வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முன்னால் ஒரு தலையணை வைத்து இடது கையை அதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள், கை கீழே தொங்காமல் இருந்தாலே பாதி வலி வராது. சட்டை போடும்போது வலிக்கிற கையை முதலில் விடுங்கள், கழற்றும்போது கடைசியில்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். உங்களுக்கு வலி இடது பக்கம், சர்க்கரையும் உண்டு. கையை அசைத்தால் கூடுகிற வலி பெரும்பாலும் தோளுடையதுதான். ஆனால் கை சும்மா இருக்கும்போதே, படி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ தோளிலோ தாடையிலோ வலியோ அழுத்தமோ வந்தால், வியர்த்தால், மூச்சு முட்டினால் பிசியோதெரபிக்குப் போகவேண்டாம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினாலும் அதே நாளில் காட்டவேண்டும். காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் தோளோடு சேர்த்து அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலது தோளுக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். வந்து ஆறிய அதே தோளுக்குத் திரும்ப வருவது அபூர்வம், மறுதோளுக்குச் சில வருடங்களில் வருகிறவர்கள் உண்டு, சர்க்கரை உள்ளவர்களில் கூடுதலாக. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். அந்த இரட்டைக் கதவு சோதனையை மாதம் ஒருமுறை இரண்டு கைக்கும் செய்து, எவ்வளவு தூரம் போகிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். வலது கை முன்மாதத்தைவிடக் குறைந்தால் இந்தத் தடவைபோல நான்கு மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.