தேவாங்கைக் காண எந்தத் தெர்மல் கருவி?

கேள்வி: எங்கள் தோட்டம் அய்யலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ளது. வேலியோரப் புதர்களுக்குத் தேவாங்கு, முள்ளம்பன்றி, மரநாய் ஆகியவை வருகின்றன. டார்ச் அடித்து அவற்றைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பதற்குக் கையடக்கமான தெர்மல் மோனோகுலர் (வெப்பத்தை உருவமாகக் காட்டும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) வாங்க விரும்புகிறேன். 19 மி.மீ. லென்ஸ் உள்ள கருவி 900 மீட்டர் வரையும், 35 மி.மீ. லென்ஸ் உள்ளது ஏறத்தாழ அதைப் போல் இரு மடங்கும் கண்டறியும் என்கிறார்கள். இரண்டிலும் சென்சார் 384×288 பிக்சல்தான். எதை வாங்கலாம்?
— வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: 19 மி.மீ. லென்ஸ் உள்ளதையே வாங்குங்கள். விளம்பரத்தில் சொல்லப்படும் அந்தத் தொலைவு, 1.8 மீட்டர் உயரமுள்ள மனிதர் திரையில் ஏறத்தாழ மூன்று பிக்சல் உயரத்துக்குத் தெரியும் தொலைவுதான். அங்கே சூடான ஏதோ ஒன்று நிற்கிறது என்பதற்கு மேல் அந்த மூன்று புள்ளிகளிலிருந்து எதையும் அறிய முடியாது.

நீங்கள் காண விரும்பும் தேவாங்கின் உடல் நீளமோ சுமார் 20 சென்டிமீட்டர்தான். இப்போதைய கருவிகளில் சென்சாரின் ஒரு பிக்சல் அளவு பெரும்பாலும் 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தக் கணக்கில், 19 மி.மீ. லென்ஸ் வழியே 100 மீட்டரில் அது மூன்று பிக்சல் நீளத்துக்கும், 30 மீட்டரில் பத்துப் பிக்சல் நீளத்துக்கும் தெரியும். பத்துப் பிக்சல் இருந்தால், வாலற்ற உருவத்தையும் கிளையைப் பற்றி மெல்ல நகரும் நடையையும் கொண்டு இது தேவாங்கு என்று சொல்லிவிடலாம். 35 மி.மீ. லென்ஸ் அதே தொலைவில் ஏறத்தாழ இரு மடங்கு பிக்சல் தரும் என்பது உண்மையே. ஆனால் 30 மீட்டரில் 7 மீட்டர் அகலமாக இருந்த காட்சி அதில் 4 மீட்டருக்கும் குறைந்துவிடுவதால், இருட்டில் ஒரு மரத்தை முழுதாகத் தேடி முடிப்பதே கடினமாகும். கைநடுக்கமும் கூடுதலாகத் தெரியும். திறந்தவெளியில் தொலைவில் மேயும் மான்களைப் பார்ப்பவருக்குத்தான் அந்த லென்ஸ் பொருத்தம்.

லென்ஸை விடவும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வெப்ப உணர்திறனை. எவ்வளவு சிறிய வெப்ப வேறுபாட்டைக் கருவி பிரித்தறியும் என்பதைச் சொல்லும் இது, மில்லிகெல்வினில் (ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறிக்கப்படும். எண் குறையக் குறைய நல்லது. 40 என்றிருப்பதைக் காட்டிலும் 25-க்குக் கீழே உள்ளதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். உங்கள் பகுதிப் பாறைகள் பகல் வெயிலை வாங்கி இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உமிழ்வதால், முன்னிரவில் பாறையும் விலங்கும் திரையில் ஒன்றுபோல வெளுத்துத் தெரியும். சிறிய வெப்ப வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும் சென்சார்தான் அப்போது கைகொடுக்கும். பாறை குளிர்ந்துவிடும் பின்னிரவில் எந்தக் கருவியும் தெளிவாகக் காட்டும். மழையிலும் அடர்ந்த பனிமூட்டத்திலும் எதுவுமே சரியாகக் காட்டாது.

லென்ஸில் ஃபோகஸ் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனெனில் ஃபோகஸ் மாற்ற முடியாத கருவிகளில் அருகிலிருக்கும் சிறிய உருவம் கலங்கிவிடும். இலைகளுக்குப் பின்னால் இருப்பதை இக்கருவி காட்டாது. கண்ணாடியையும் வெப்பக்கதிர் கடப்பதில்லை என்பதால், காரிலிருந்து பார்ப்பதானால் கதவுக் கண்ணாடியை இறக்கியே பார்க்க வேண்டும். நிறமும் உடல் வரிகளும் திரையில் தெரியாததால், மரநாயையும் புனுகுப்பூனையையும் உருவத்தையும் நடையையும் வைத்தே பிரித்தறிய வேண்டியிருக்கும். ஐயம் தீராவிட்டால், ஒளி குறைந்த சிவப்பு டார்ச்சை ஓரிரு நொடி மட்டும் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.