போத்தல் அடியில் கண்ணாடித்தூளா?

கேள்வி: பாரிஸிலிருந்து வந்த மருமகன் ஒரு போத்தல் வெள்ளை வைன் கொண்டுவந்தவர். 22 யூரோவாம். பயோடைனமிக், மருந்தே அடியாத தோட்டம், ரொமொரன்தன் என்ற அரிய முந்திரிகை (திராட்சை) வகை என்றார். பிரிஜ்ஜில் வைத்து மூன்றாம் நாள் பார்த்தால் அடியில் கண்ணாடித்தூள் மாதிரிக் கிடக்கிறது. லேபலில் சல்பைற் இருப்பதாகவும் போட்டிருக்கு. அவரை ஏமாற்றிவிட்டார்களா? ஆவணியில் சின்ன மகளின் கலியாணம், அதுவரை வைத்திருக்கலாமா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: ஏமாற்றவில்லை, அம்மா. அது கண்ணாடியும் இல்லை. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் முந்திரிகையிலும் உண்டு. குளிர் பட்டதும் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படியும். பெரிய கம்பனிகள் போத்தலில் அடைக்க முன்னமே கடுங்குளிரில் வைத்து அதை எடுத்துவிடும். சின்னத் தோட்டக்காரர் பலர் அப்படியே விடுவார்கள். சந்தேகமென்றால் அந்தத் தூளில் கொஞ்சத்தைக் கொதிநீரில் போடுங்கள், கரைந்துவிடும். கண்ணாடி கரையாது. போத்தலை ஆட்டாமல் மெல்லச் சரித்து ஊற்றினால் தூள் அடியிலேயே நிற்கும்.

சல்பைற் என்பது வைன் கெடாமலிருக்கச் சேர்க்கிற கந்தகச் சேர்மம். நொதிக்கும்போது தானாகவும் கொஞ்சம் உண்டாகும். லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் லேபலில் போட்டே ஆகவேண்டும். இனிப்பில்லாத வெள்ளை வைனுக்கு அங்கே உச்ச அளவு 200, இயற்கை வேளாண்மை வைனுக்கு 150. வீட்டில் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர் இருந்தால் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

'மருந்தே அடியாத' என்பதில்தான் மருமகன் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார். பயோடைனமிக் தோட்டத்தில் செயற்கை உரமும் களைநாசினியும் இல்லை, உண்மை. ஆனால் பூஞ்சணத்துக்குச் செம்பு மருந்தும் கந்தகமும் அடிக்கலாம். நம்மூர் மிளகாய்த் தோட்டக்காரருக்குத் தெரிந்த அதே துருசுதான். செம்பு ஹெக்டேயருக்கு 7 வருடத்தில் 28 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி.

பயோடைனமிக் வேளாண்மை முறையை 1924இல் ருடோல்ஃப் ஸ்டைனர் தொடக்கிவைத்தார். பசுக்கொம்புக்குள் சாணம் நிரப்பிப் பனிக்காலம் முழுக்கப் புதைத்து, பிறகு எடுத்துத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கலக்கித் தெளிப்பார்கள். கொம்பின் சக்தியில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணை இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கிறவர்களில் நம்பிக்கை உண்டு. பின் லேபலில் பயோடைனமிக் சான்றான டெமெட்டர் அல்லது பயோடிவின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது வெறும் வாய்வார்த்தையாகவும் இருக்கலாம்.

முந்திரிகையின் பெயர் லேபலில் இல்லையே என்று குழம்பவேண்டாம். பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்துக் கூர்-ஷெவர்னி என்ற இடப்பெயர் இருந்தால் போதும். 1993இலிருந்து அந்தப் பெயரில் வருகிற வைனை ரொமொரன்தனில் மட்டும்தான் செய்யலாம். இவ்வளவு சின்ன இடத்து வைனுக்கு 22 யூரோ அநியாய விலை இல்லை.

ஆவணி வரை வைப்பதென்றால் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் கிடத்தி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைத்தால் வன்னி வெயில் ஒரு மாதத்திலேயே கெடுத்துவிடும். தக்கை மேலே தள்ளும், நிறம் பழுப்பாகும். ஆனால் கரண்ட் அடிக்கடி நிற்கிற வீடென்றால் ஆவணியைப் பார்க்காதீர்கள். மருமகன் நிற்கும்போதே திறந்து, மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள்.